பட்டறையின் பாஷையும் பேட்டண்டுச் சட்டமும்

கோயமுத்தூரின் செல்வம் பருத்தியில் பிறந்தது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. மற்றப் பாதி இரும்பிலே பிறந்தது. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை இங்கே பஞ்சாலை அமைத்த பிறகு மில்கள் பெருகின. மில் யந்திரம் பழுதானால் உதிரிப் பாகம் கப்பலேறி வரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே ஊர்க் கொல்லரும் கடைசற்காரரும் அதைத் தாமே செய்யக் கற்றார்கள். ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின்சார மோட்டாரை இங்கேயே செய்து காட்டியது அந்தக் கல்வியின் கனியாகும். இன்று பீளமேட்டிலும் கணபதியிலும் சிட்கோ பேட்டையிலும் லேத்தும் வெல்டிங்கும் ஒலிக்கும் பட்டறைகள் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை.

இப்பட்டறைகளில் தினந்தோறும் ஏதேனும் ஒரு யுக்தி பிறக்கிறது. அதற்குச் சட்டம் அளிக்கும் காவலுக்குப் பேட்டண்டு என்று பெயர். புதிதாகக் கண்டவனுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமை. அதற்கு ஈடாக, அவன் தன் யுக்தியை ஒளிக்காமல் எழுதி உலகுக்கு வெளியிட வேண்டும். பேட்டண்டு என்பது சர்க்காருக்கும் கண்டுபிடித்தவனுக்கும் உள்ள ஒப்பந்தமே. அந்த ஒப்பந்தத்தில் நம் பட்டறைக்காரர் சமமான கட்சிக்காரராக உட்கார முடிகிறதா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். ஒரு பட்டறையில் பெரிய யந்திரத்தின் மூடியை எட்டுப் போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. யந்திரம் அதிர அதிர நட்டுகள் தளர்கின்றன. பழுது பார்க்கும்போதெல்லாம் எட்டையும் கழற்றி மாட்டப் பொழுது போகிறது. பட்டறைக்காரர் ஒரு பூட்டாணி செய்கிறார். அழுத்திக் கால் சுற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் வில் அதைத் தளரவிடாது. இதற்குப் பேட்டண்டு கிடைக்குமா?

1970-ஆம் வருஷத்துச் சட்டப்படி, விண்ணப்பித்தவுடனே உரிமை கிடைத்துவிடாது. சாதாரணமாக 18 மாதங்கள் கழிந்ததும் விண்ணப்பம் பிரசுரமாகும். பரிசோதிக்கும்படி தனியே மனுச் செய்ய வேண்டும். 2024-ல் திருத்திய விதிகளின்படி அதற்குக் கெடு 31 மாதங்கள். பிறகு பரிசோதகர் உலகத்திலுள்ள பழைய பேட்டண்டுகளையும் நூல்களையும் தேடிப் பார்த்துத் தமது ஆட்சேபங்களை அறிக்கையாக அனுப்புவார். அதற்கு 6 மாதங்களுக்குள் சமாதானம் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் முக்கியமான கேள்விகள் மூன்று: இது புதியதா? அத்துறையில் கைதேர்ந்தவனுக்கு இயல்பாகத் தோன்றாத முன்னேற்றம் இதில் உண்டா? தொழிலுக்கு இது பயன்படுமா?

நமது பூட்டாணி மூன்றாவது கேள்வியை எளிதில் கடந்துவிடும். முதலிரண்டும் கடினமானவை. அழுத்தித் திருப்பிப் பூட்டும் முறை நம் வீடுகளிலுள்ள பழைய மின்விளக்குத் தாங்கியிலேயே இருக்கிறது. கால் சுற்றில் பூட்டும் ஆணிகளை ஆகாய விமானத்தின் மூடிகளுக்காக அமெரிக்காவில் 1930-களிலேயே செய்துவிட்டார்கள். வில்லும் பழையது, ஆணியும் பழையது. தெரிந்த சாமான்களை ஒருங்கே வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனித்தனியே செய்யுமானால் அது கண்டுபிடிப்பல்ல என்று சட்டத்தின் 3-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. அவை ஒன்றோடொன்று இணைந்து, தனித்தனியே செய்ய முடியாத புதிய வேலையொன்றைச் செய்கின்றன என்று பட்டறைக்காரர் காட்டியாக வேண்டும்.

இது முடியாத காரியமன்று. கப்பலில் சரக்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் திருப்பிப் பூட்டும் பூட்டை 1950-களில் கீத் டாண்ட்லிங்கர் என்ற அமெரிக்க எஞ்சினியர் வகுத்தார். அவருடைய முதலாளி மால்கம் மக்லீன், உலகமெங்கும் ஒரே அளவு வழங்கவேண்டுமென்று, அந்தப் பேட்டண்டுகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்த 1960-களில் இணங்கினார். திருப்பூர்ப் பனியனும் கோயமுத்தூர் மோட்டாரும் தூத்துக்குடியில் கப்பலேறுகையில் அவற்றை விழாமல் பிடித்திருப்பது அந்த வகைப் பூட்டுத்தான். சிறு பூட்டென்று எதையும் இகழ வேண்டாம்.

ஆயினும் பரீட்சை கடுமையாக இருப்பதை நாம் குறை கூறவில்லை. மிர்ஜாப்பூர் வழக்கு அதன் நியாயத்தை விளக்கும். அவ்வூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி, கடைசல் யந்திரத்தில் பாத்திரத்தை வழுவாமல் பிடித்து நிறுத்தும் கருவிக்கு 1951-ஆம் வருஷத்துப் பேட்டண்டு ஒன்றை வைத்திருந்தது. அதே தொழில் செய்த பிஷ்வநாத் பிரசாத் ராதேஷியாம் என்ற கம்பெனிமீது வழக்குத் தொடுத்தது. எதிர்க்கட்சியோ அந்தப் பேட்டண்டே செல்லாது என்றது. அலகாபாத் ஹைக்கோர்ட்டில் ஒரு நீதிபதி பேட்டண்டை ரத்துச் செய்தார். இரு நீதிபதிகள் அத்தீர்ப்பை மாற்றினர். முடிவில் 1978 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் பேட்டண்டு செல்லாதென்று தீர்த்தது. பல பத்தாண்டுகளாகத் தெரிந்த முறையைச் சற்றே மாற்றிக் கையாண்டது கண்டுபிடிப்பாகாது. பட்டறையில் எவரும் செய்யக்கூடிய அபிவிருத்திக்கு மேற்பட்டதாக அது இருக்கவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு கண்டுபிடிப்பாளருக்கு விரோதமானதென்று சிலர் எண்ணலாம். நமது அபிப்பிராயம் வேறு. பரீட்சை தளர்ந்தால் முதலில் லாபமடைகிறவர் சிறு பட்டறைக்காரர் அல்லர். வக்கீல்களையும் எஞ்சினியர்களையும் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பெருங் கம்பெனிகள், உள்நாட்டவையானாலும் அந்நியவையானாலும், ஒவ்வொரு நட்டுக்கும் வில்லுக்கும் வேலி போட்டுவிடும். நேற்றுவரை எல்லோரும் செய்துவந்ததைச் செய்ததற்காக நம்மவருக்கு நோட்டீஸ் வரும். 1911-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை ஆராய்ந்த நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அளித்த அறிக்கையில், இத்தேசத்தின் பேட்டண்டுகளில் மிகப் பெரும்பாலானவை அந்நியர் கையில் இருப்பதையும், அவற்றில் பெரும்பாலானவை இங்கே தொழிலாக நடத்தப்படாததையும் எடுத்துக்காட்டினார். ஆகையால் வாயிற்காவலன் விழிப்பாகவே இருக்கட்டும். நமது குறை அவன் பேசும் பாஷையைப் பற்றியது.

சட்டத்தின் அளவுகோல் என்ன? அத்துறையில் கைதேர்ந்தவனுக்கு எது இயல்பாகத் தோன்றும் என்பது. கோயமுத்தூரில் அந்தக் கைதேர்ந்தவன் யார்? லேத்தின் முன் முப்பது வருஷம் நின்றவன். அவன் சிந்திப்பது தமிழில். தொழில் கற்பிப்பது தமிழில். ஆணி ஏன் தளர்கிறதென்று அவன் விளக்கினால் அந்த விளக்கமும் தமிழில்தான் தெளிவாக வரும். ஆனால் பேட்டண்டு விதிகளில் 9-ஆவது விதி, ஆவணங்கள் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ இருக்கவேண்டும் என்கிறது. சென்னைக் காரியாலயத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலுங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு. இவற்றுள் எதிலாவது ஹிந்தி பெரும்பான்மையோரின் தாய்பாஷையா? கைதேர்ந்தவனுடைய அறிவை அளவுகோலாகக் கொள்ளும் சட்டம், அவன் தன் சொந்தச் சொற்களில் எழுதியதை வாங்க மறுப்பது என்ன நியாயம்?

இதன் விளைவு பெரிது. பட்டறைக்காரர் சொன்னதை ஏஜெண்டு தாம் புரிந்துகொண்டபடி இங்கிலீஷில் எழுதுகிறார். பட்டறைக்காரர் படிக்க முடியாத தாளில் கையெழுத்திடுகிறார். பேட்டண்டில் உரிமையின் எல்லையை வகுப்பவை கடைசியில் வரும் கோரிக்கை வாசகங்கள். அவற்றில் ஒரு சொல் குறைந்தால் பக்கத்துத் தெருக்காரர் தப்பிவிடுவார். ஒரு சொல் மிகுந்தால் பரிசோதகர் பழைய நூலைக் காட்டித் தள்ளிவிடுவார். நிலக் கிரயப் பத்திரத்தின் எல்லை மாலைப் படிக்காமல் கையெழுத்திடும் விவசாயி கொங்கு நாட்டில் உண்டா? யுக்தியின் பத்திரத்தில் மட்டும் அப்படித்தான் நடக்கிறது.

சமீப வருஷங்களில் தமிழ்நாட்டிலிருந்து பேட்டண்டு விண்ணப்பங்கள் ஏராளமாகப் போகின்றனவே என்று ஆட்சேபிக்கலாம். மெய்தான். கல்லூரிக்கும் பெருங் கம்பெனிக்கும் இங்கிலீஷ் ஒரு தடையன்று. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே என்றும் சொல்லலாம். அது ஊரின் பெயரைக் காக்கும். யந்திரத்தின் உட்பொறியைக் காக்காது. கட்டணமும் தடையென்று சொல்வதற்கில்லை. தனி நபரும் சிறு தொழிலும் இணைய வழியாக விண்ணப்பிக்க ரூ. 1,600, பரிசோதனைக்கு ரூ. 4,000. பெரிதாக நிற்கும் தடை பாஷையும், அதை ஒட்டி வளரும் தயக்கமுமே. தயங்கும் காலத்தில் பட்டறைக்காரர் ஆணியைப் பத்துப் பேருக்கு விற்றுவிடுகிறார். விற்ற பிறகு விண்ணப்பித்தால், இது முன்பே ஊரறிந்த பொருளாயிற்றே என்று அவருடைய விற்பனையையே அவருக்கு எதிராகக் காட்டுவார்கள்.

பரிகாரம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 9-ஆவது பிரிவின்படி முதலில் தற்காலிக விவரணத்தைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரணத்தை 12 மாதங்களுக்குள் தரலாம். அந்தத் தற்காலிக விவரணத்தை மட்டுமாவது தமிழில் ஏற்றுக்கொள்ள வேண்டும். முழு விவரணத்தோடு சான்றளித்த மொழிபெயர்ப்பு வரட்டும். பிரசுரம் 18 மாதத்துக்குப் பின்னரே ஆவதால், பரிசோதகருக்கோ பொதுஜனத்துக்கோ இதனால் நஷ்டமில்லை. இது நூதனமான யோசனையுமன்று. ஐரோப்பியப் பேட்டண்டுக் காரியாலயம் எந்தப் பாஷையில் வந்த விண்ணப்பத்துக்கும் தேதி கொடுத்து, மொழிபெயர்ப்புக்கு 2 மாதம் தவணை தருகிறது. அமெரிக்காவும் வேற்றுப் பாஷை விண்ணப்பத்தை வாங்கி மொழிபெயர்ப்பைப் பின்னர் கேட்கிறது. முனிச்சுக்கும் வாஷிங்டனுக்கும் தமிழில் எழுதலாம், சென்னைக்கு எழுதக் கூடாது என்ற நிலை நம் குடியரசுக்குப் பெருமை தருவதன்று.

விதியைத் திருத்துவது மத்திய சர்க்காரின் கையிலுள்ளது. பார்லிமெண்டு புதுச் சட்டம் இயற்றவேண்டிய அவசியமும் இல்லை. நம் எம்.பி.க்கள் இதைக் கேட்க வேண்டும். கொடிசியாவும் சீமாவும் தீர்மானமாக அனுப்ப வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். தொழிற் சங்கங்களும் எஞ்சினியரிங் கல்லூரிகளும் வாரம் ஒரு நாள் ஒரு மேஜை போட்டு, பட்டறைக்காரர் தமிழில் எழுதிக் கொணர்வதைச் சட்ட இங்கிலீஷில் ஆக்கி, ஒவ்வொரு கோரிக்கையையும் மீண்டும் தமிழில் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்கட்டும். பட்டறைக்காரருக்கும் ஒரு வார்த்தை: விற்பதற்கு முன் எழுதுங்கள், காட்டுவதற்கு முன் தேதி பிடியுங்கள்.

பரீட்சையில் சலுகை வேண்டுமென்று கொங்கு நாட்டுத் தொழிலாளி கேட்கவில்லை. தன் பாஷையில் பதில் எழுதும் உரிமையைக் கேட்கிறான். அதை மறுப்பதற்குத் தகுந்த காரணம் இதுவரை ஒருவரும் சொல்லக் காணோம்.