இரவு வேலை முடிந்து: சித்தியின் குளிசை

இம்முறை என்னுடைய மடைத்தனம் ஒன்றை எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு லாச்சியை ஒருக்கால் திறந்து பாருங்கள்.

எனக்குப் பிளேன் பயம். வன்னியில் கிபிர் இரைந்தால் அம்மா என் பிடரியைப் பிடித்துப் பங்கருக்குள் அமத்துவா. 29-09-1998 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் போன லயன் எயர் விமானம் மன்னார்ப் பக்கக் கடலில் விழுந்து, அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பெரும்பாலும் எங்கள் சனம். அப்போது நான் சின்னப் பொடியன். மேலே பறந்தாலும் சாவு, உள்ளே இருந்தாலும் சாவு என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது. ஏஜென்சி மூலம் இங்கே வரும்போது மட்டும் இந்தப் பயம் தெரியவில்லை. பிடிபடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிசு.

அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கைக்குப் போக முடியாது. அதனால் உங்களில் பலரைப்போல நானும் அம்மாவைச் சென்னைக்கு வரச் சொன்னேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு பார்க்கப் போகிறேன். பதினைந்து நாள் லீவு.

டொக்டரிடம் போனேன். பிளேன் பயத்துக்குத் தாங்கள் டயசிபாம் எழுதுவதில்லை என்றார். எனக்குக் கோபம். சித்தியிடம் சொன்னேன். "எனக்கு நாரிப்பிடிப்புக்குத் தந்தது கிடக்கு மோனை. ஒண்டும் செய்யாது, கொண்டு போ" என்று எட்டுக் குளிசையை ரிசுவில் சுற்றித் தந்தா.

ஹீத்ரோவில் ஒன்று போட்டேன். பயம் போகவில்லை. இன்னொன்று போட்டேன். பிளேனில் இரண்டு விஸ்கி. அதற்குப் பிறகு துபாயில் பணிப்பெண் தட்டி எழுப்பியதுதான் தெரியும். அடுத்த பிளேனுக்கு இன்னுமொன்று.

சென்னையில் அம்மா ஓடி வந்து கட்டிப் பிடித்தா. எனக்கு நாக்குத் தடித்து வார்த்தை வரவில்லை. கால் தள்ளாடியது. அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "குடிச்சுப்போட்டோ மோனை வாறாய்?" என்று கேட்டா. அன்றிரவு முழுக்க என் தலைமாட்டில் இருந்தாவாம். எனக்கு ஞாபகமில்லை. அடுத்த நாளும் பாதி நித்திரை. பதினொரு வருடம் காத்திருந்த முதல் ஒன்றரை நாளை நான் காணவேயில்லை.

திரும்பி வந்து விசாரித்தபோதுதான் மற்றவை தெரிந்தன. டயசிபாம் என்பது 1963 இல் வேலியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மருந்து. போட்ட குளிசை உடம்பில் அரைவாசியாகக் குறையவே ஒரு நாள், இரண்டு நாள் எடுக்கும். அது உடைந்து வரும் பொருள் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். ஞாயிறு வந்திறங்கித் திங்கள் மிசினில் கை வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். குடியோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டிபட்டு அது நெஞ்சுக்கு ஏறலாம். ஆபத்து வந்தால் எழும்பி ஓடவும் முடியாது. சிலருக்கு அமைதிக்குப் பதிலாக மூர்க்கம் வருமாம்.

சட்டமும் இருக்கிறது. இந்த நாட்டில் டயசிபாம் சி வகுப்புப் போதைப்பொருள். தன் பெயரில் மருந்துச் சீட்டில்லாமல் வைத்திருந்தால் இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கலாம். காசு வாங்காமல் கொடுத்தாலும் அது விநியோகம்தான். அதற்கு 14 வருடம் வரை. பாவம் சித்தி, அன்பால் தந்தவ. துபாய் வழியாகக் கொண்டுபோவதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டிய மருந்து அது. நான் அதை ரிசுவில் சுற்றிக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிடித்திருந்தால் அம்மாவைக் கண்டேயிருக்க மாட்டேன்.

வரும்போது மீதியைத் தொடவில்லை. சென்னையிலேயே ஒரு மருந்துக்கடையில் கொடுத்துவிட்டேன். எனக்குப் பயம் என்று பணிப்பெண்ணிடம் முதலே சொன்னேன். குலுங்கும்போதெல்லாம் வந்து பார்த்தா. மூச்சை எண்ணிக்கொண்டு, கைபிடியைப் பிடித்தபடி வந்தேன். செத்துப் போகவில்லை.

பிறகு அதே டொக்டரிடம் போய், கிபிர் கதையையும் மன்னார்க் கதையையும் முதன்முறையாகச் சொன்னேன். போன முறை "பயம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் பேச்சு வைத்தியத்துக்கு ஒழுங்கு செய்தார். இங்கிலாந்தில் அதற்கு நாங்களே நேராகவும் விண்ணப்பிக்கலாம், காசில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். சித்திரவதைபட்டு வந்தவர்களுக்கு இலண்டனில் 1985 முதல் இயங்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. இப்போது அதன் பெயர் பிரீடம் புறம் ரோச்சர். எங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காரணத்தைக் குளிசை கேட்காது, வாயை மட்டும் அடைக்கும்.

சித்தி தன் லாச்சியில் கிடந்த மிச்சத்தைப் பக்கத்துப் பார்மசியில் திருப்பிக் கொடுத்துவிட்டா. அடுத்த வருடமும் அம்மாவைச் சென்னைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பயந்துகொண்டுதான் போவேன். ஆனால் முழித்துக்கொண்டு போவேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.