உம்மம்மாவிடம் தோற்ற நிரல்

உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் அலகுச் சோதனை, ஒருங்கிணைப்புச் சோதனை, முறைமைச் சோதனை, ஏற்புச் சோதனை என்று வரிசையாகப் படிக்கிறோம். பயன்படுத்தப் போகிறவர் கடைசியில்தான் வருகிறார். இந்த வரிசையில் எனக்கு உடன்பாடில்லை.

சென்ற விடுமுறையில், அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைச் சொல்லும் சிறு நிரலொன்றைப் பைதனில் எழுதினேன். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் 12 இலக்கங்கள். பெண்களுக்கு, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் சோதனைத் தரவு தயாரித்தேன். பத்தும் சரி. (என் நிரலுக்கு என் தரவு, சரிவராமல் என்ன செய்யும்?) பிறகு உம்மம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக அழுத்தினா. எண்ணுக்கும் 'வீ'க்கும் நடுவே இடைவெளி விட்டா; 'வீ'யைச் சிறிய எழுத்தில் போட்டா. திரையில் 'இன்வாலிட்' என்று வந்தது.

"நான் என்ன பிழ செஞ்சன் புள்ள?"

அவ ஒரு பிழையும் செய்யவில்லை. எழுதிவைத்த பட்டியலைத் தாண்டி, மென்பொருளைத் தொட்டுப் பழகிக்கொண்டே அடுத்து எதைச் சோதிப்பது என்று தீர்மானிக்கும் முறைக்கு அமெரிக்கரான செம் கேனர் 1980களில் 'ஆராய்வுச் சோதனை' என்று பெயரிட்டார். உம்மம்மா அதைத்தான் தெரியாமல் செய்தா.

2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். ஸ்மார்ட்போன் இல்லாதவரும் குறியீட்டைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோகலாம் என்றிருந்தது பெரிய உதவி. ஆனால் எங்கள் தெருவில் பெரியவர்கள் பலருக்குப் பதிவு செய்து கொடுத்தது பிள்ளைகள்தான். பிள்ளைகள் நிரப்பிய படிவத்தை வைத்துப் பெரியவர்களுக்கும் அது இலகு என்று சொல்லிவிட முடியுமா? வாவியில் வலை இழுத்துவிட்டு வருபவரின் ஈர விரலைத் தொடுதிரை ஒழுங்காக ஏற்பதில்லை. குளிரூட்டிய அறையில் இருந்து சோதிப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

பணக் கணக்குப் போடும் மென்பொருளுக்கு எழுதிவைத்த சோதனைகள் கட்டாயம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. அவற்றோடு ஆட்களும் வேண்டும், அதுவும் தொடக்கத்திலேயே. செலவாகும் என்பார்கள். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஐந்து பேரை எங்கள் தெருவிலேயே பிடிக்கலாம்.

என் பட்டியலில் இப்போது பன்னிரண்டு சோதனைகள். கடைசி இரண்டும் உம்மம்மா தந்தவை. அடுத்து பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுக்க வேண்டும். அவ தமிழ் மட்டும்தான் வாசிப்பா; 'இன்வாலிட்' இன்னும் ஆங்கிலத்திலேயே கிடக்கிறது.