சட்டமா, சல்லடையா?

சிறுவர் தோளில் துப்பாக்கி மாட்டும் அரசுகளுக்கு இராணுவ உதவி கிடையாது என்று 2008-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. நல்ல சட்டந்தான், நாமும் பாராட்டுவோம். ஆனால் நடந்ததென்ன?

2010-இல் வெளியான முதல் பட்டியலில் பர்மா, சாட், காங்கோ ஜனநாயகக் குடியரசு, சோமாலியா, சூடான், ஏமன் என ஆறு நாடுகள். அவ்வாண்டு அக்டோபரிலேயே சாட், காங்கோ, சூடான், ஏமன் நான்கிற்கும் விலக்களித்தார் அதிபர் ஒபாமா. காரணம், ‘தேசிய நலன்’! உதவியை நிறுத்தினால் பயங்கரவாத ஒழிப்பு பாதிக்கும், கூட இருந்தால்தான் அப்படைகளைத் திருத்த முடியும் என்றனர். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டும் இப்போக்கை என்னென்பது!

சிறுவரைப் படையில் சேர்ப்பதைத் தடுக்க நடவடிக்கை எடுத்த அரசுக்கு மீண்டும் உதவலாம் என்று அதே சட்டத்தில் நேர்வழி இருக்கிறதே! அதை விட்டுப் புறவாசலைத் தேடுவானேன்?

கண்டிப்புக்குப் பலன் உண்டு என்பதற்குக் காங்கோவே சான்று. 2011-இல் அதற்குரிய உதவியில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2012-இல் சிறுவரை விடுவிக்கும் செயல்திட்டத்தில் ஐ.நா.வுடன் அவ்வரசு கையெழுத்திட்டது.

முதலில் பிள்ளைகளை விடுவியுங்கள், பிறகு உதவி கேளுங்கள், இதுவே நியாயம். சிலேட்டு ஏந்த வேண்டிய கை துப்பாக்கி ஏந்துவதில் எந்த தேசத்துக்கு நலன்? நாம் கேட்கிறோம்; வாஷிங்டன் பதில் சொல்லட்டும்!