தளர்வதும் இருதயத்தின் தொழிலே

இருதய நோய் என்றவுடன் அடைப்பு, ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் என்றே நம் சிந்தனை ஓடுவது, நாள்தோறும் கேட்டுப் பழகியதன் பலனேயன்றி நோயின் முழு ஸ்வரூபத்தை அறிந்ததன் பலன் அன்று. இரத்தக் குழாய்களில் அடைப்பேதும் இல்லாதிருந்தும், தசையே தன் சுபாவமான நெகிழ்ச்சியை இழந்துவிட்டதால் மூச்சு வாங்கி அவதியுறுவோர் அநேகர்.

சுருங்கி இரத்தத்தைத் தள்ளுவது எத்துணை அவசியமோ, அடுத்த துடிப்புக்கு முன் தளர்ந்து அதை ஏற்றுக்கொள்வதும் இருதயத்துக்கு அத்துணை அவசியம். இந்தத் தளர்ச்சியை நிர்ணயிப்பதில் பிரதான பங்கு டைட்டின் என்னும் புரதத்துக்கு உண்டு. 1970களில் ஜப்பானில் மருயாமாவும் அமெரிக்காவில் குவான் வாங்கும் தனித்தனியே கண்டறிந்த இப்புரதம், 30,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்து அமைந்தது. மனித சரீரத்தில் இதனினும் பெரிய புரதம் இல்லை. தசையின் சுருங்கும் அலகு ஒவ்வொன்றிலும் விளிம்பிலிருந்து நடுப்பகுதிவரை நீண்டு கிடக்கும் இது, தசை இழுபடும்போது வில்சுருள்போல் விரிந்து கொடுத்து, இழுப்பு நீங்கியதும் அதைப் பழைய நிலைக்கு மீட்கிறது. விறைப்பான வகை, இளக்கமான வகை என இரண்டும் இருதயத்தில் கலந்தே இருக்கின்றன. அந்த விகிதம் பிறழ்ந்தாலோ, புரதத்தின்மேல் சேரவேண்டிய பாஸ்பேட் குறைந்தாலோ, தசை விறைத்துவிடும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் நெடுநாள் நீடித்தவர்களிடம் இத்தகைய விறைப்பு மிகுதி. எக்கோவில் ‘பம்பிங் நன்றாக இருக்கிறது’ என்று கண்ட மாத்திரத்தில், மாடியேற முடியவில்லை என்னும் மூதாட்டியின் முறையீட்டை வயதின்மேல் சுமத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவது நியாயமாகாது.

பிறவியிலேயே புரதம் பழுதுபடுவதும் உண்டு. இருதயம் விரிந்து வலுவிழக்கும் நோய் குடும்ப வழியாக வந்தவர்களில் ஏறத்தாழ 4 பேருக்கு ஒருவரிடம், டைட்டினை முழு நீளத்துக்கு உருவாகவிடாத மரபணுப் பிழை இருப்பதை 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதற்கு முன்பே, 2009இல், மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்குகொண்ட ஆய்வொன்று, வேறொரு இருதயத் தசைப் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றத்தை இந்தியத் துணைக்கண்டத்தாரில் நூற்றுக்குச் சுமார் 4 பேர் உடையர் என்று அறிவித்தது. உடையோர் எல்லாரும் நோயுறுவதில்லை என்பது ஆறுதலே. எனினும் அதைச் சாக்காக்கி வாளாவிருக்க இடமில்லை.

ஒருவருக்கு இருதயத் தசை நோய் உறுதிப்பட்டால், அவருடைய உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் அழைத்து இசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்ப்பதை நம் மருத்துவமனைகள் நிலையான வழக்கமாக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் இளவயதில் திடீரென மாண்டவர் எவரேனும் இருந்தால், மருத்துவர் கேளாவிட்டாலும் நீங்களே அதை அவரிடம் சொல்லுங்கள்.