வெற்றிடம் விட்டால் அயன்மொழி குடியேறும்!



முகில் என்று சொன்னால் உழவன் தலைநிமிர்ந்து வானைப் பார்ப்பான். அவன் உள்ளம் குளிரும். மரக்காணத்து உப்பளத் தொழிலாளியிடம் அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவன் முகம் கருக்கும். கதிரவன் காய, கால் வெடிக்க, பாத்தியில் பூக்க வைத்த உப்பை ஒரு பெருமழை ஓரிரவிற் கரைத்துவிடும். ஆகவே, 'முகில் நல்லதா, கெட்டதா?' என்னும் வினாவிற்குப் பொது விடை இல்லை. கீழே நிற்பவன் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றான் என்பதே விடை.

வான்முகிலுக்கு உரிய இவ்வுண்மை கணினி முகிலுக்கும் உரியது.

கணினி முகில் என்பது வானில் மிதப்பதன்று. எங்கோ ஓரூரில், குளிரூட்டிய கட்டடங்களில், அடுக்கடுக்காய் நிற்கும் கணினிகளின் கூட்டமே அது. கேட்டதைத் தரும் அக்கணினிக்கு வழங்கி என்று பெயர். அதனிடம் கேட்டுப் பெறுகின்ற, நம் பக்கத்து நிரலுக்கு வாங்கி என்று பெயர். எந்த வழங்கியிடம், எந்தத் திறவுகோலைக் காட்டி, எந்த மொழியில், எவ்வளவு நேரம் காத்திருந்து கேட்பது என்பனவற்றை யெல்லாம், வாங்கியை எழுதும் நிரலாளனே சில வரிகளில் அமைத்து வைத்தல் வேண்டும். அவ்வமைவு வரிகளைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றோம். 'மொழி காக்கும் இதழுக்கு நிரல்வரியில் என்ன வேலை?' என்று முகஞ்சுளிப்போர் சற்றுப் பொறுப்பாராக. இற்றைத் தமிழின் வாழ்வும் தாழ்வும் அவ்வரிகளிலும் கிடக்கின்றன.

பெயரில் நின்றுவிட்ட போராட்டம்

தில்லியாளர் தம் அரசு முகிலுக்கு 'மேக்ராசு' என்று பெயர் சூட்டினர். முகில், மஞ்சு, கொண்டல், எழிலி, கார் என்று ஒன்றுக்கு ஐந்தாய்ச் சொல் வைத்திருக்கும் தமிழனின் வரிப்பணமும் சேர்ந்து கட்டிய முகிலுக்குச் சமற்கிருதப் பெயர்! மொழிபெயர்ப்புக்கும் குரலுக்குமென 2022ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய மற்றொரு முகிற்பணிக்குப் 'பாசினி' என்று பெயர். இவற்றைக் கண்டித்தோம், இன்னுங் கண்டிப்போம்.

ஆயின், ஒன்றை நமக்குள் ஒளிவின்றிப் பேசுவோம். முகில், வழங்கி, வாங்கி, நிரல், திறவுகோல் என்று சொற்களை ஆக்கியபின் நம்மவருட் பலர் கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டனர். சொல் தமிழாயிற்று, அச்சொல் சுட்டும் பொருள் எம்மொழியில் இயங்குகின்றது என்று எவரும் பார்க்கவில்லை. வீட்டின் பெயர்ப்பலகையைத் தமிழில் எழுதி மாட்டிவிட்டு, வீட்டை அயலானுக்கு ஒற்றிக்கு விட்டாற் போன்றது இது.

பொம்மையார்பாளையத்தில் ஒரு நிரலாளன்

புதுவைக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கின்றது பொம்மையார்பாளையம். தெற்கிலிருந்து வடக்காக நகரும் கடல்மணலைப் புதுவைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர்கள் மறித்தமையால், இக்கரையோர ஊர்களைக் கடல் அரித்துத் தின்றது. எங்கோ எவர் நலனுக்கோ எழுப்பிய சுவர், இங்கே மீனவனின் வாயிற்படியை விழுங்கிற்று. அதற்கு வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் மட்டும் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிற்று. இக்கரையிலுள்ளார்க்கு வானிலை அறிக்கை என்பது காலையிற் படித்து மடித்து வைக்கும் செய்தியன்று, உயிர்.

இவ்வூர் இளைஞன் ஒருவன், ஆங்கிலத்தில் வரும் வானிலை அறிக்கையைத் தமிழாக்கிக் குரலாகவும் மாற்றி, மீனவரின் கைப்பேசிக்கும் உப்பளத்தாரின் கைப்பேசிக்கும் அனுப்பும் நிரலொன்றை எழுத அமர்கின்றான் என்று கொள்வோம். மொழிபெயர்க்கவும் குரலெழுப்பவும் அவன் முகிலைத்தான் நாட வேண்டும். வாங்கியை ஆக்குகின்றான். வழங்கியின் முகவரியை எழுதுகின்றான், திறவுகோலை எழுதுகின்றான், விரைவு கருதி, மொழி என்னும் இடத்தை வெற்றிடமாக விட்டுவிடுகின்றான்.

இங்கேதான் தோழர்காள், நாம் கண்விழிக்க வேண்டிய இடம்! நாம் வெறுமையாக விட்ட இடம் வெறுமையாக இருப்பதில்லை. நிரலைப் படைத்தவன் முன்கூட்டியே இட்டு வைத்த ஒன்று அங்கே வந்து அமர்ந்துகொள்கின்றது. அதற்கு முன்னிருப்பு என்று பெயர். மைக்ரோசாப்டு நிறுவனத்தின் குரற்பணியில் மொழியையும் குரலையும் குறிக்காமல் விட்டால், முன்னிருப்பாக வருவது அமெரிக்க ஆங்கிலம். தமிழறியாக் குரலிடம் தமிழ்ப் பனுவலைக் கொடுத்தால் என்ன ஆகும்? தனக்குத் தெரியாத மொழிக்கு அக்குரல் ஒலியெழுப்பாது; வாய் மூடிக்கொள்ளும். 'கடலுக்குச் செல்லாதீர்' என்று முழங்கியிருக்க வேண்டிய கைப்பேசி ஊமையாய்க் கிடக்கும். அமேசானின் வைப்பகத்தில் இடங்குறியாமல் ஒரு பெட்டகம் திறந்தால், அஃது அமெரிக்காவின் வர்சீனியாவிற் சென்று திறக்கும்.

இதில் அந்நிறுவனங்களின் சூழ்ச்சி ஏதுமில்லை. அவரவர் தத்தம் மொழியையும் தத்தம் நாட்டையும் முன்னிருப்பாக வைத்துள்ளனர். தன் மொழியைக் குறிக்காமல் விட்டவன் தமிழன்! 1938இலும் 1965இலும் நம்மீது மொழியைத் திணிக்க ஆணை வேண்டியிருந்தது, படை வேண்டியிருந்தது. இற்றைக்கு ஆணையும் வேண்டா, படையும் வேண்டா. நம் மறதி ஒன்றே போதும். கடலரிப்பு ஒருநாளில் ஊரை விழுங்குவதில்லை, மணல்மணலாய்க் கரைக்கின்றது. முன்னிருப்பும் அவ்வாறே வரிவரியாய் மொழியைக் கரைக்கின்றது.

மொழியைக் குறித்தாலும் அங்கொரு வால் முளைப்பதைக் காண்க. தமிழுக்கென உலக அளவில் வகுத்த ஈரெழுத்துக் குறியின் பின்னே நாட்டுக்குறி ஒன்றும் ஒட்டப்பெறுகின்றது. அந்நிறுவனத்தின் குரற்பட்டியலில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என நான்கு உள்ளன. நான்கும் நான்கு அரசுகளின் வால்கள். 'தமிழ்நாடு' என்னும் வால் அவற்றுள் இல்லை. நாடற்ற இனத்தின் நிலையை நிரல்வரியுங் கூடக் காட்டிக்கொடுக்கின்றது!

உப்புக்கு ஐந்து, எழுத்தோ மூன்று

அடுத்தது கட்டணம். 'உப்பு' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? தொடக்கப்பள்ளிக் குழந்தையைக் கேளுங்கள். 'மூன்று' என்று சொல்லும். முகிலைக் கேளுங்கள், 'ஐந்து' என்று சொல்லும். உகரம் ஒன்று, பகரம் ஒன்று, புள்ளி ஒன்று, மீண்டும் பகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. தேவநாகரியின் போக்கிற்கு ஒத்து 1988இல் அமைந்த இந்தியத் தரத்தை அடியொற்றி, 1991இல் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் வகுத்தனர்; அதன் விளைவு இது. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கண்ட தொல்காப்பிய மரபு அங்கே செல்லாக்காசு ஆயிற்று. கூகுளின் மொழிபெயர்ப்புப் பணியும் மைக்ரோசாப்டின் மொழிபெயர்ப்புப் பணியும் இக்குறிகளை எண்ணியே கட்டணம் பெறுகின்றன. மூன்றெழுத்து உப்புக்கு ஐந்தெழுத்து விலை!

இன்னும் உண்டு. இணையத்தில் பெருவழக்காயுள்ள குறியேற்ற முறையில், ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட்டு இடங்கொள்ளும். தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். ஆகவே நம் 'உப்பு' 15 பைட்டு. ஆங்கிலன் உப்புக்குச் சொல்லும் சொல் 4 பைட்டு. அமேசானின் மொழிபெயர்ப்புப் பணி, உடனடி விடைக்கு ஒரு முறையில் ஏற்பது 10,000 பைட்டு. ஆங்கிலன் 10,000 எழுத்தை அனுப்பும் வாயிலில் தமிழன் 3,333 குறியைத்தான் அனுப்பலாம். இதனை அறியாது எழுதிய வாங்கி, நீண்ட தமிழறிக்கையை அனுப்பி, 'அளவு மிஞ்சிற்று' என்று திருப்பி அடிக்கப்பெறும். அறிந்து எழுதிய வாங்கியோ, தமிழைச் சொற்றொடர் முடியுமிடம் பார்த்துப் பகுத்து அனுப்பும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறி என்னும் அனைத்தெழுத்து முறையைத் தமிழக அரசு 2010இல் ஆணையிட்டு ஏற்றது. அவ்வாணை தாளில் இருக்கின்றது. முகிலின் வாயிலில் அதற்கு இடமில்லை.

திறவுகோல் யார் கையில்?

'அயல்நாட்டு முகில் வேண்டா; தில்லியின் பாசினி இருக்கின்றதே' என்பார் உளர். அதன் வாயிலையும் பார்ப்போம். வாங்கி முதலில் தன் பயனர் எண்ணையும் திறவுகோலையும் காட்டி, இம்மொழிக்கு இப்பணி வேண்டுமென்று கேட்க வேண்டும். அது மற்றொரு வாயிலின் முகவரியையும் மற்றொரு திறவுகோலையும் தரும். அவற்றைக் கொண்டு சென்றாலே பணி நடக்கும். இரண்டு திறவுகோலும் தில்லி தருவன; தில்லி நிறுத்தினால் நிற்பன.

நெய்தல் நிலத்தானுக்கு இது புதிதன்று. கடல் நம்முடையது, வெயில் நம்முடையது, வியர்வை நம்முடையது, உப்பின் வரி மட்டும் வெள்ளையனுக்கு என்றிருந்த நாளில், 1930இல் வேதாரணியத்தில் உப்பெடுத்துத் தமிழர் சிறைபுகுந்தனர். வெள்ளையன் போனான். உப்பு, இந்திய அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 58ஆம் இடத்தில் அமர்ந்தது. தொலைபேசியும் கம்பியில்லாத் தொடர்பும் அதே பட்டியலின் 31ஆம் இடத்தில் அமர்ந்தன. உப்பும் தில்லிக்கு, அலையும் தில்லிக்கு, இப்போது மொழியின் குரலும் தில்லிக்கு என்றால், நமக்கு மிஞ்சுவது என்ன?

இத்தனைக்கும் ஒரு விந்தை. இந்திய மொழிகள் இருபத்திரண்டைப் பெயர்க்கும் கணினி அறிவை ஆக்கி, எவரும் எடுத்துப் பயன்கொள்ளுமாறு 2023இல் வெளியிட்டவர்கள் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வுக்குழுவினர். சென்னையில் விளைந்த நெல் அது. அதனைத் தமிழக அரசே தன் பெருங்குடித் தரவு மையத்தில் நிறுவி, மீனவனுக்கும் உழவனுக்கும் கட்டணமின்றித் தமிழ் வழங்கியாகத் திறந்து வைக்கத் தடை என்ன? பொருளா தடை? உள்ளமே தடை!

செய்ய வேண்டுவன

வெறுங்கூக்குரல் நம் வழக்கமன்று. வாங்கி எழுதும் தமிழிளைஞன் ஒவ்வொருவனும் இன்றே கைக்கொள்ள வேண்டியவற்றைச் சொல்கின்றோம்.

மொழியின் இடத்தை ஒருகாலும் வெற்றிடமாக விடாதே. தமிழ் என்று எழுது. வால் இன்றி ஏற்கும் பணிக்கு வாலின்றியே எழுது.

திறவுகோலை நிரலுக்குள் எழுதி ஊருக்குக் காட்டாதே. வெளியே, இயங்கும் கணினியில் மறைவாக வைத்து, வேண்டுங்கால் எடுக்கச் செய். வழங்கியின் முகவரியையும் அவ்வாறே தனியே வை. நாளை நமக்கென ஒரு வழங்கி எழும்போது, நிரலைக் கலைக்காமல் முகவரியை மட்டும் மாற்றிவிடலாம்.

காத்திருப்புக்கு எல்லை வை. விடை வராவிடில் ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என இடைவெளியை இரட்டித்துச் சிலமுறை மீண்டும் கேள். புயல்நாளில் அலைவரிசை அறுபடும் கரை இது.

எல்லாம் பொய்த்தால், ஆங்கிலத்துக்குத் தாவாதே! 'கடல் சீற்றமாக உள்ளது. படகை ஏற்றி வை', 'பெருமழை வருகின்றது. உப்பை வாரி மூடு' என நம் மக்கள் குரலிலேயே முன்பதிந்த தமிழ்த் தொடர்களைக் கைப்பேசிக்குள் இருத்தி, அவற்றையே ஒலிக்கச் செய். முதல்வழி தமிழாயிருந்து மாற்றுவழி ஆங்கிலமாயிருந்தால், இடர் வந்த பொழுதில் தமிழைக் கைவிட்டவன் ஆவாய். இடரில் உதவாத மொழி எப்பொழுது உதவும்?

'கருவியே அயலானது, அதில் தனித்தமிழ் ஏன்?' என்று எள்ளுவோர் இருப்பர். அச்சுப்பொறியும் அயலானது தான். 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியபோது, எழுத்தைத் தமிழாகவே வார்த்தனர். அதனால் தமிழ் அச்சில் வாழ்ந்தது. 'அயலான் பொறி' என்று விலகியிருந்தால் இவ்விதழ் ஏது? கருவி எவனுடையதாயினும், அதன் நாவில் ஏறும் மொழி நம்முடையதாதல் வேண்டும்.

மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்டபோது, தமிழன் வாயிலும் எழுத்திலும் புகுந்த அயற்சொற்களைக் களைந்தார். இற்றைத் தமிழன் தன் வாயால் மட்டும் பேசுவதில்லை. தான் எழுதிய நிரலின் வாயாலும் பேசுகின்றான். அவ்வாயைக் களையெடுக்கும் பணி நம் தலைமுறைக்கு வைக்கப்பெற்றுள்ளது.

உப்பளத்தான் மழை வருமுன்னே வரப்பை உயர்த்துகின்றான். வந்தபின் வானைத் திட்டுவதில்லை. தமிழா! முகில் திரண்டு நிற்கின்றது. உன் வரப்பை உயர்த்து! உன் வரியில் உன் மொழியை எழுது!

வெல்க தமிழ்!