நடுபவருக்கே மரம்

வேளாண் காடு வளர்ப்பு குறித்த ஆவணங்களைத் தமிழாக்கம் செய்யும்போதெல்லாம் ஒரே இடத்தில் என் பேனா நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபார்மர்’ என்று இருக்கும். ‘விவசாயி’ என்று எழுதிவிட்டு மேலே செல்லலாம்; பிழையில்லை. ஆனால் சொந்த நிலத்தில் உழுபவரும் விவசாயி. குத்தகைக்கு எடுத்தவரும், வாரத்துக்குப் பயிரிடுபவரும் விவசாயியே. இவர்களில் எவர் மரம் நட முடியும், எவர் அதை வெட்டி விற்க முடியும் என்ற கேள்வியை அந்த ஒற்றைச் சொல் மறைத்துவிடுகிறது.

உலகிலேயே முதன்முதலாக, 2014 பிப்ரவரியில், தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கையை வெளியிட்ட நாடு இந்தியா. பயிரோடு மரமும் வளர்ந்தால் மண்ணரிப்பு குறையும், தீவனமும் விறகும் கிடைக்கும், பயிர் பொய்த்த ஆண்டிலும் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம் இருக்கும். இவற்றை நாம் மறுக்கவில்லை. ராஜஸ்தானின் வறண்ட மாவட்டங்களில் கம்பு வயல்களின் நடுவே வன்னி மரங்களைத் தலைமுறை தலைமுறையாக விட்டு வளர்த்து வருகிறார்கள். மண்ணுக்குத் தழைச்சத்தும், ஆட்டுக்குத் தழையும், வீட்டுக்குச் ‘சாங்ரி’ என்னும் காயும் அந்த ஒரு மரமே தருகிறது. எந்தக் கொள்கை அறிக்கைக்கும் முன்பே உழைக்கும் மக்கள் கண்டறிந்த அறிவு இது. இன்று அதே மரங்கள் பிகானேர் பகுதியில் சூரிய மின் திட்டங்களுக்காக வெட்டப்படுகின்றன. மக்கள் எதிர்த்துப் போராடுகிறார்கள்.

நெல் நான்கைந்து மாதத்தில் அறுவடைக்கு வரும். மரத்துக்கோ ஆண்டுகள் வேண்டும். நம் நாட்டின் குத்தகையில் பெரும்பகுதி வாய்மொழிக் குத்தகை. அடுத்த பருவத்தில் அதே நிலம் கையில் இருக்குமா என்று தெரியாத ஒருவர் எந்தத் துணிவில் கன்று நடுவார்? அவர் நட விரும்பினாலும் நில உடைமையாளர் ஒப்பமாட்டார். வேரூன்றிய மரம் நாளை உரிமைக்குச் சாட்சியாக நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

2025 ஜூனில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வேளாண் நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை வெளியிட்டது. அனுமதி பெறும் முறையை எளிமையாக்குவது அதன் நோக்கம் என்கிறார்கள். சிறு விவசாயியை வனத்துறை அலுவலகத்துக்கு அலைக்கழித்த நடைமுறைகள் ஒழிவது நல்லதே. ஆனால் மரங்களை இணையதளத்தில் பதியும்போது நில உடைமை விவரத்தைத் தர வேண்டும். தாளில் பெயரில்லாத குத்தகைதாரர் எதைத் தருவார்? அறிமுகத்தில் ‘விவசாயி’ என்று தொடங்கும் பேச்சு, படிவத்துக்கு வரும்போது ‘நில உடைமையாளர்’ என்று முடிகிறது.

உரிமையைப் பேசாத மரம் வளர்ப்பு எங்கே கொண்டுவிடும் என்பதற்கு முன்னனுபவம் உண்டு. 1980களில் ‘சமூகக் காடு வளர்ப்பு’ என்ற முழக்கம் ஒலித்தபோது, கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் கேழ்வரகு விளைந்த நிலங்களில் தைல மரம் பரவியது. காகித, ரேயான் ஆலைகளுக்கு மரம் கிடைத்தது. வெளியூரில் வாழும் நில உடைமையாளருக்கும் தொல்லையில்லாத வருமானம் கிடைத்தது. விதைப்பும் களையெடுப்பும் அறுவடையும் இல்லாத நிலத்தில் விவசாயத் தொழிலாளிக்கு வேலை இல்லாமற் போயிற்று. புதிதாகத் தைல மரம் நடுவதை அம்மாநில அரசு 2017இல்தான் தடை செய்தது.

சொந்த நிலம் இருந்தால் மட்டும் போதுமா? ஹரியாணாவின் யமுனாநகர் பகுதியில் கோதுமைக்கிடையே பாப்லர் மரம் வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் அது இலையுதிர்த்துவிடுவதால் கோதுமைக்கு வெயில் தட்டுப்படாது, அருமையான இணைப்பு. ஆனால் 2000களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த விவசாயிகள் பிளைவுட் ஆலைகளும் வியாபாரிகளும் சொன்ன விலைக்குத் தலையாட்ட நேர்ந்தது. வெட்டுமரத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை இன்றும் கிடையாது.

மாற்று வழி நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ வழியாக 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வாரச் சாகுபடியாளர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. வெளியேற்றப்படுவோம் என்ற அச்சம் நீங்கியவரே நிலத்துக்கு நாளைய நோக்கில் உழைப்பார். நில உரிமையையும் மர உரிமையையும் சட்டத்தால் பிரித்துப் பார்க்கவும் முடியும். காட்டு நிலத்தின் சிறு விளைபொருள்கள்மீது அங்கு வாழும் மக்களுக்கு உடைமை உரிமை வழங்கியது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். வயலுக்கும் அதைப் பொருத்த என்ன தடை?

எனவே நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. குத்தகைதாரரும் வாரச் சாகுபடியாளரும் பதிவு செய்யப்பட வேண்டும். அவர்கள் நட்ட மரத்தில் அவர்களுக்குச் சட்டப்படி பங்கு வேண்டும். ஊர்ப்பொது நிலங்களில் நிலமற்றோரின், குறிப்பாகப் பெண்களின் குழுக்களுக்கு மரப்பட்டா வழங்க வேண்டும். கன்றுகள் தலையெடுக்கும்வரை பராமரிப்புக்கு அரசு கூலி தர வேண்டும். வெட்டுமரத்துக்கு அடிப்படை விலையும் கூட்டுறவுக் கொள்முதலும் வேண்டும்.

தோழர்களில் சிலர் மரம் வளர்ப்பதைத் தொண்டு நிறுவனங்களின் வேலை என்று ஒதுக்குகிறார்கள். நாம் ஒதுங்கும் இடத்தில்தான் நிறுவனங்கள் ஒப்பந்தத் தாளோடு வந்து அமர்கின்றன. உழுபவருக்கே நிலம் என்று முழங்கிய இயக்கம், நடுபவருக்கே மரம் என்றும் முழங்கட்டும். அடுத்த முறை ‘விவசாயி’ என்று நான் எழுதும்போது, அச்சொல்லுக்குள் நிலமற்றவரும் நிமிர்ந்து நிற்கட்டும்.