பவுனைக் காப்பாற்றிய கதை

1931 ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டன் டவுனிங் தெருவில் தொழிற்கட்சி மந்திரிகள் ஒரு தந்திக்காகக் காத்துக் கிடந்தார்கள். தந்தி யாரிடமிருந்து? ஓட்டுப் போட்ட தொழிலாளியிடமிருந்தா? இல்லை, நியூயார்க் மார்கன் பாங்கியிடமிருந்து! சர்க்காரின் சிக்கனத் திட்டம் லண்டன் பாங்கி முதலாளிகளுக்குத் திருப்தியாக இருந்தால்தான் கடன் பேச்சு.

சிக்கனம் என்றால் என்ன? வேலையில்லாதோர் உதவித்தொகையில் நூற்றுக்குப் பத்து வெட்டு. அப்போது வேலையில்லாதோர் 25 லட்சத்துக்கு மேல். வெட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பவுன் மதிப்பு விழுந்துவிடும், பவுன் விழுந்தால் தேசமே விழும் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள்.

மந்திரி சபை இரண்டாகப் பிளந்தது. வெட்டுக்கு 11 பேர், எதிராக 9 பேர். அந்த ஒன்பது பேரையும் நாம் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. மற்ற வெட்டுகளில் பெரும்பகுதிக்குத் தலையாட்டிவிட்டு இந்த இடத்தில் வந்து நின்றவர்கள்தான். முதல் நாள் பதவியில் ஏறிய சர்க்கார், மீரத் சதி வழக்கைக் கைவிடாமல் நடத்தியபோதும் இவர்கள் மந்திரிகளாகத்தான் இருந்தார்கள்.

பிரதம மந்திரி ராம்சே மாக்டனால்டு என்ன செய்தார்? மறுநாள் அரண்மனைக்குப் போனார். டோரிகளையும் லிபரல்களையும் சேர்த்துக்கொண்டு "தேசிய சர்க்கார்" தலைவராகத் திரும்பி வந்தார். ஸ்காத்லாந்தில் பண்ணை வேலைக்காரியின் மகன். 1914-ல் யுத்தத்தை எதிர்த்துக் கட்சித் தலைமையையே உதறியவர். அந்த மனிதர்தான் இவர்! ரயில்வே தொழிலாளர் சங்கத் தலைவராயிருந்த தாமஸும் கூடவே போனார்.

வெட்டு வந்தது. நாளொன்றுக்கு 4 ஷில்லிங் வாங்கிய மாலுமிக்கு 3 ஷில்லிங் என்றதும், செப்டம்பர் 15-ல் இன்வர்கார்டனில் அட்லாண்டிக் கடற்படை மாலுமிகள் கப்பலை எடுக்க மறுத்தார்கள். சர்க்கார் பதறிப்போய், மாலுமிக்கு வெட்டைப் பத்து சதவீதமாகக் குறைத்தது. வேலையில்லாதவனிடம் கப்பல் இல்லையே!

செப்டம்பர் 21-ல் பவுனுக்குத் தங்கம் தரும் ஏற்பாட்டையே இதே சர்க்கார் கைவிட்டது. பவுன் விழுந்தது. தேசம் விழவில்லை. அப்படியானால் ஏழையின் பத்து சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா? 1934 வரை கொடுக்கவில்லை! மாறாக, மகன் சம்பாதிக்கிறானா, வீட்டில் விற்க என்ன இருக்கிறது என்று அதிகாரிகள் வாசற்படி ஏறினார்கள்.

அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி 287 ஸ்தானங்களிலிருந்து 52-க்குச் சரிந்தது. மாக்டனால்டு 1935 ஜூன் வரை பிரதமராயிருந்தார். அந்த நவம்பரில், டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் சீஹாம் தொகுதி அவரை 20,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தது.